இருபத்திரண்டு புள்ளிகளும் ஓர் ஆட்டுத்தோலும்

ஆம்பூரில் ஒரு டேனரிக்குள் நுழைகிற ஆட்டுத்தோலுக்கு என்ன நேரும் என்பதைப் பாலாற்றங்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைப்பார்கள். சுண்ணாம்பில் போட்டு முடியை உதிர்த்து, உட்புறச் சதையைச் சீவி எடுப்பார்கள். அமிலமும் உப்பும் கலந்த நீரில் கிடத்திவிட்டு, சுழலும் பெரிய மரப் பீப்பாய்க்குள் குரோமிய உப்போடு பல மணி நேரம் புரட்டுவார்கள். வெளியே வரும்போது தோல் வெளிர்நீலமாக, ஈரமாக, எப்படி மடித்தாலும் மடங்குவதாக இருக்கும். தொழிலில் அதற்கு ‘வெட் புளூ’ என்று பெயர். குரோமியம் வருவதற்கு முன்னால் இதே வேலையை ஆவாரம்பட்டை செய்துகொண்டிருந்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்று வட்டார ஊர்கள் முழுக்க இந்த ஒரு வேதிவினையால் பிழைக்கின்றன. அந்த ஆறு கெட்டதும் அதனால்தான்.

அந்த வினை தோலுக்குள் என்ன செய்கிறது? தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதே அதன் அமைப்பு என்று 1954-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் எக்ஸ் கதிர் படம் எடுக்கப் பயன்பட்ட கங்காரு வால் தசைநார், சென்னையிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. பதனிடும்போது குரோமியமோ பட்டையின் துவர்ப்போ இந்த நார்களுக்கு இடையே புகுந்துகொள்கிறது. அதன் பிறகு தோல் காய்ந்தாலும் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பதனிடாத பச்சைத் தோல் அப்படியல்ல. முடி நீக்கி, இழுத்துக் கட்டி, வெயிலில் காயவிட்டால் நார்கள் ஒட்டி விறைத்துவிடும். அதைக் கொண்டு ஷூ தைக்க முடியாது. ஆனால் தட்டினால் ஒலிக்கும். வெட் புளூவை எவ்வளவு இழுத்துக் கட்டித் தட்டினாலும் ‘தொப்’பென்று அடங்கிப்போகும், ஏனென்றால் வழுக்கி நகர்கிற நார்கள் அதிர்வை வெப்பமாக்கித் தின்றுவிடுகின்றன. மிருதங்கத்துக்கும் பறைக்கும் பம்பைக்கும் வேண்டியது டேனரிக்குள் நுழையாத தோல்.

வேலூர் வட்டாரத்து அம்மன் திருவிழாக்களில், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு போன்ற பெரிய திருவிழாவானாலும் தெருக்கோயில் கூழ் ஊற்றலானாலும், பறை அடிக்கப் போகிறவர் முதலில் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அதில் பறையைக் காட்டுவார். ஈரம் போகும், தோல் சுருங்கும், இழுவிசை ஏறும், ஒலி கணீரென்று வரும். இதோடு பறையின் சுருதி சேர்ப்பு முடிந்தது. வாய்ப்பாட்டுக்குச் சுருதி சேர்க்கிற மாதிரி பறையைச் சேர்க்க யாரும் முயல்வதில்லை. முயன்றாலும் நடக்காது. காரணம் வட்டம் என்ற வடிவத்திலேயே இருக்கிறது.

வீணைக் கம்பி ஒன்று முழு நீளமாக அதிர்வது போலவே இரண்டு பாதியாகவும், மூன்று சம துண்டாகவும், நான்காகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. ஆகவே அதன் மேற்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்று முழு எண் மடங்குகளில் அடுக்காக நிற்கும். நம் காது அந்த அடுக்கைத்தான் ‘ஒரு சுரம்’ என்று கேட்கிறது. விளிம்பில் கட்டிய வட்டத் தோலுக்கு இந்தச் சம துண்டு வசதி கிடையாது. அதில் அசையாமல் நிற்கும் கோடுகள் இரு வகை: நடுவழியே குறுக்கே ஓடும் விட்டக்கோடுகள், விளிம்பை ஒத்து உள்ளே சுற்றும் வட்டக்கோடுகள். கோடே இல்லாமல் மொத்தத் தோலும் மேலும் கீழும் போவதை 1 என்று வைத்தால், ஒரு விட்டக்கோட்டோடு அதிர்வது 1.593 மடங்கு; இரண்டு விட்டக்கோட்டோடு 2.136, ஒரு வட்டக்கோட்டோடு 2.295, மூன்று விட்டத்தோடு 2.653. ஒன்றுகூட முழு எண் இல்லை. பறையின் அதிரடி இந்தப் பொருந்தாமையிலிருந்து வருவது. காதால் அதை ஒரு சுரமாகத் தொகுக்க முடியாது; தாளமாகத்தான் வாங்கிக்கொள்ளும். கூட்டத்தைக் கடந்து நெடுந்தூரம் கேட்க வேண்டிய கருவிக்கு இது குறையே அல்ல.

மிருதங்கத்தின் வலப்பக்கத் தலையான வலந்தலையும் வட்டத் தோல்தான். ஆனால் அதில் சுரம் கேட்கிறது. 1920-இல் கல்கத்தாவில் இருந்த சி.வி. ராமன், எஸ். குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு குறிப்பு இதைப் பற்றியது. 1934-இல், தான் அப்போதுதான் பெங்களூரில் தொடங்கியிருந்த இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழ் முதல் தொகுதியில், அதே விஷயத்தை விரிவாக எழுதினார். செய்முறை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடியது: தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, ஏதாவது ஓரிடத்தில் விரலால் தொட்டுக்கொண்டு தட்டுவது. மணல் அசையாத கோடுகளில் போய்ச் சேரும்; ஒவ்வொரு கோலத்துக்கும் உரிய சுரத்தைக் காதால் கேட்டுக் குறிக்கலாம்.

அவர் கண்டது இது. கோடில்லாத அதிர்வு 1. ஒரு விட்டக்கோடு, சரியாக 2. இரண்டு விட்டக்கோடும் ஒரு வட்டக்கோடும், இரண்டுமே 3. மூன்று விட்டம், ஒரு விட்டமும் ஒரு வட்டமும், இரண்டுமே 4. நான்கு விட்டம், இரண்டு விட்டமும் ஒரு வட்டமும், இரண்டு வட்டம், மூன்றுமே 5. வெவ்வேறு கோலத்தில் அதிரும் ஒன்பது அதிர்வுகள் ஐந்தே சுரங்களில் வந்து கூடுகின்றன. 2.136-உம் 2.295-உம் ஒரே 3-இல் போய் நிற்கின்றன என்றால், யாரோ தோலைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

திருத்தியது நடுவிலிருக்கும் கருப்பு. சாதம் என்றும் கரணை என்றும் சொல்வார்கள். கிட்டம் என்ற கருப்புக் கல்லின் பொடியை வடித்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, காய்ந்ததும் அதன்மேல் அடுத்த பூச்சு. நடுவில் தடிமன், ஓரத்துக்கு வரவர மெலிவு. இந்தப் பாரம் எல்லா அதிர்வுகளையும் ஒரே அளவுக்குக் கீழிறக்காது என்பதுதான் சூட்சுமம். கோடில்லாத அதிர்வில் நடுப்பகுதிதான் மிக அதிகமாக ஆடும், அதனால் பாரம் அதைத்தான் மிக அதிகமாகக் கீழே இழுக்கும். விட்டக்கோட்டு அதிர்வில் நடுப்புள்ளி அசைவதே இல்லை; அங்கே பாரத்தின் வேலை குறைவு. அடிச்சுரம் கீழே இறங்க, 1.593 என்ற விகிதம் மெல்ல மெல்ல 2-ஐ நோக்கி அகலுகிறது. காய்ந்த பூச்சில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் விரிசல்கள் வலைப்பின்னலாக ஓடும். அவை இல்லாவிட்டால் கரணை தோலின் நடுவைக் கெட்டிப்படுத்திக் காரியத்தைக் கெடுத்துவிடும். பாரம் வேண்டும், விறைப்பு வேண்டாம். மேலே வளையமாக இருக்கும் இன்னொரு தோல், ஐந்துக்கு மேற்பட்ட பொருந்தாத அதிர்வுகளை அமுக்கிவிடுகிறது.

வித்வான் ‘நம்’ என்று வாசிக்கும்போது மோதிர விரல் தோல்மேல் பட்டும் படாமலும் நிற்க, ஆள்காட்டி விரல் ஓரத்தில் அடிக்கிறது. அந்த மோதிர விரல், தான் தொட்ட இடத்தில் ஆட வேண்டிய அதிர்வுகளைக் கொன்றுவிடுகிறது. முதலில் சாவது அடிச்சுரம். தொட்ட இடத்தை அசையாக் கோடாகக் கொண்டவை மட்டும் பிழைத்து ஒலிக்கின்றன. ராமன் மணலில் பார்த்ததை ஒவ்வொரு மிருதங்க மாணவரும் முதல் மாதத்திலேயே விரலால் செய்யக் கற்றுக்கொள்கிறார்.

கச்சேரிக்கு முன் வித்வான் ஒரு கல்லையும் கட்டையையும் வைத்துக்கொண்டு வலந்தலையின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுகிறாரே, சுருதி சேர்ந்த பிறகும் ஏன் அவர் விடுவதில்லை? விட்டக்கோடு எந்தத் திசையிலும் ஓடலாம். விளிம்பிலுள்ள பதினாறு கண்களிலும் இழுவிசை ஒன்றாக இருந்தால்தான் வடக்கு தெற்காக ஓடும் கோட்டுக்கும் கிழக்கு மேற்காக ஓடும் கோட்டுக்கும் ஒரே சுரம் வரும். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் ஒரே தட்டுக்கு இரண்டு சுரங்கள், மயிரிழை வித்தியாசத்தில், ஒன்றோடொன்று மோதி விம்மும். அவர் தேடுவது சுருதியை மட்டுமல்ல, வட்டத்தின் சமச்சீரையும். சுருதியை ஏற்றுவதற்குக் கணக்கு வேறு இருக்கிறது: அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். ஒரு கட்டைச் சுருதியிலிருந்து ஐந்து கட்டைச் சுருதிக்குப் போக அதிர்வெண் ஒன்றரை மடங்கானால் போதும், ஆனால் இழுவிசை 2.25 மடங்காக வேண்டும். தோல் தாங்காது. தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு ஒரு மிருதங்கமும் ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு ஒன்றும் தூக்கிக்கொண்டு அலைவது இதனால்தான்.  

பூச்சின் இந்தப் பரவலை இன்று கணினியில் சமன்பாடு போட்டுத் தேடலாம். சமன்பாடு இல்லாமல், காதையும் கட்டைவிரலையும் மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்த இசை நூலிலும் இல்லை. தோலைத் தொடுகிறவர்கள் என்பதால் அவர்களைத் தள்ளிவைத்த சமூகம், அவர்கள் செய்த கருவியை மேடையின் நடுவே வைத்துக்கொண்டது. மிருதங்கம் செய்யும் தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தையும், வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தையும் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு முழு நூல் எழுதிய பிறகுதான் வெளியுலகில் பலருக்கு இந்தப் பெயர்களே தெரியவந்தன. ராமனின் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய நூல் அது. ஒலியியல் சாதனை யாருடையது என்ற கேள்விக்கு நேர்மையான விடை, தோல் வேலை செய்தவர்களுடையது என்பதே.

இனி அந்த ஐந்து சுரங்களுக்கு வருவோம். எண்கள் எளிதாக வரும்படி மத்திய ஷட்ஜம் நொடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஷட்ஜத்தை மிருதங்கத்தின் இரண்டாம் சுரமாக வைத்தால், தோல் தரும் ஐந்தும் 120, 240, 360, 480, 600. பாட்டுக்காரர் பாஷையில் ச, ச, ப, ச, க. கடைசியில் வந்தது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். தம்புராவில் கூர்ந்து கேட்டால் யாரும் மீட்டாமலே எழுகிற அதே காந்தாரம்.

இரட்டிப்பதால் சுரத்தின் பெயர் மாறுவதில்லை; 240-உம் 480-உம் ச-தான். எனவே 2 என்ற எண் நம்மை எங்கும் அழைத்துப் போவதில்லை, ஸ்தாயியை மட்டுமே மாற்றுகிறது. 4 என்பதும் இரண்டு 2. புதிய ஊருக்குக் கூட்டிப் போகிறவை இரண்டே எண்கள்: 3 பஞ்சமத்துக்கு, 5 அந்தர காந்தாரத்துக்கு. இரண்டு சுதந்திரமான திசைகள் இருந்தால் அது ஒரு தளம். 1739-இல் வெளியான தன் இசை நூலில் கணிதர் ஐலர் இதைத்தான் செய்தார்: 3-ஐ ஒரு திசையிலும் 5-ஐ மற்றொரு திசையிலும் வைத்துச் சுரங்களைக் கட்டமாகப் பரப்பினார். நமக்கு அதைப் புரிந்துகொள்ள ஐலர்கூட வேண்டாம், வாசலில் போடும் புள்ளிக் கோலம் போதும்.

ஒரு தாளில் நடுவே ஒரு புள்ளி வையுங்கள்: ச. வலப்பக்கம் ஒரு புள்ளி போனால் 3-ஆல் பெருக்குவது, இடப்பக்கம் போனால் 3-ஆல் வகுப்பது. மேல் வரிசைக்கு ஏறினால் 5-ஆல் பெருக்குவது, கீழ் வரிசைக்கு இறங்கினால் 5-ஆல் வகுப்பது. வந்த விடை ஒரு ஸ்தாயியைத் தாண்டினால் 2-ஆல் தேவையான தடவை வகுத்தோ பெருக்கியோ உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ச-வுக்கு வலப்பக்கம் 3/2, அது ப. இன்னொரு புள்ளி தாண்டினால் 9/8, சதுச்ருதி ரிஷபம். ச-வுக்கு இடப்பக்கம் 4/3, சுத்த மத்திமம். நேர் மேலே 5/4, அந்தர காந்தாரம். நேர் கீழே 8/5, சுத்த தைவதம்.

இப்போது பி. சாம்பமூர்த்தி முதலானோரின் பாடநூல்கள் சிற்சில மாற்றங்களோடு தரும் 22 சுருதி விகிதங்களை எடுத்துக்கொள்வோம். 256/243, 16/15, 10/9, 9/8, 32/27 என்று நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்து மிரளாத இசை மாணவர் குறைவு. ஏன் இந்த எண்கள், ஏன் 22 என்பதைப் பட்டியல் சொல்லாது. கோலத்தில் வைத்தால் சொல்லும்.

நடு வரிசையில் ச-விலிருந்து இடப்பக்கம் ஐந்து புள்ளி, வலப்பக்கம் ஆறு புள்ளி, ச-வையும் சேர்த்து 12. பஞ்சமம் பஞ்சமமாகத் தாண்டிக் கிடைப்பவை இவை: இடக்கோடியில் 256/243, வலக்கோடியில் 729/512. மேல் வரிசையில் ஐந்து புள்ளிகள்: 10/9, 5/3, 5/4, 15/8, 45/32. கீழ் வரிசையில் ஐந்து: 16/15, 8/5, 6/5, 9/5, 27/20. மொத்தம் 12 + 5 + 5 = 22.

மேல் கீழ் வரிசைப் புள்ளிகள் சும்மா வந்தவை அல்ல. நடு வரிசையில் ச-வையும் ப-வையும் விட்டுவிடுங்கள், அவை அசையாச் சுரங்கள். ச-வுக்கு இடப்பக்கம் இருக்கும் ஐந்தில் ஒவ்வொன்றும் நான்கு புள்ளி வலப்பக்கம் நகர்ந்து ஒரு வரிசை கீழே இறங்கினால், கீழ் வரிசை ஐந்தும் அச்சாக வந்துவிடும். ப-வுக்கு வலப்பக்கம் இருக்கும் ஐந்தும் நான்கு புள்ளி இடப்பக்கம் நகர்ந்து ஒரு வரிசை மேலே ஏறினால், மேல் வரிசை ஐந்தும் வந்துவிடும். எல்லா இணைகளுக்கும் ஒரே நகர்வுதான். நான்கு தடவை 3-ஆல் பெருக்கி ஒரு தடவை 5-ஆல் வகுத்தால் 81/5. ஸ்தாயிக்குள் கொண்டுவந்தால் 81/80. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு சுருதி என்று பாடமாகச் சொல்வதில், அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பத்து இடங்களிலும் இந்த ஒரே 81/80. பிரதி மத்திமத்துக்கு 729/512-க்குப் பதில் 64/45 தரும் நூல்களும் உண்டு. அவற்றில் இந்த ஒழுங்கு ஒரு புள்ளியில் உடையும். கோலத்தைப் பார்த்த பிறகு எனக்கு 729/512-தான் சரியாகப் படுகிறது.

81/80 எவ்வளவு பெரிது? அந்தர காந்தாரம் 5/4 என்றால் 300 அதிர்வு. பஞ்சமம் பஞ்சமமாக நான்கு தடவை தாண்டி வந்த காந்தாரம் 81/64, அதாவது 303.75. முக்கால்வாசிப் பேர் தனித்தனியாகக் கேட்டால் வேறுபடுத்த மாட்டார்கள். தம்புராவோடு கேட்டால் கதை வேறு. தம்புரா ச-வின் ஐந்தாம் மேற்சுரம் 1200. 300-இன் நான்காம் மேற்சுரமும் 1200. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். 303.75-இன் நான்காம் மேற்சுரம் 1215. நொடிக்கு 15 தடவை மோதிக் கரகரக்கும். ஆர்மோனியத்தின் காந்தாரம் ஏறத்தாழ 302.4, அது ஒன்பது பத்து தடவை மோதும். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே விடாமல் வைத்ததற்கு அரசியலும் ரசனையும் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் எண்ணால் காட்டக்கூடியது இந்த மோதல் ஒன்றுதான்.

சரி, எல்லாச் சுரங்களையும் மோதலில்லாத புள்ளிகளாகவே தேர்ந்தெடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? மோகனத்தில் பார்ப்போம். ச, ரி, க, ப, த ஐந்தே சுரம். தம்புராவோடு இனிமையாகச் சேர்வது க = 5/4, த = 5/3. கோலத்தில் ச, ப, ரி மூன்றும் நடு வரிசையில் அடுத்தடுத்து நிற்க, த, க இரண்டும் மேல் வரிசையில் நிற்கும். இப்போது ரி 270, த 400. ரி-க்குப் பஞ்சமமாக இருக்க வேண்டிய த 405. இருப்பதோ 400. அதே 81/80 வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. தைவதத்தை 405-க்கு ஏற்றினால் ரி-யோடு சேரும், ச-வோடும் காந்தாரத்தோடும் பிணங்கும். இந்தப் பிணக்கை எந்தச் சாமர்த்தியத்தாலும் ஒழிக்க முடியாது. வேறோர் இணைக்குத் தள்ளிவிடத்தான் முடியும்.

மோகனத்தின் ரி-யை ச-வாக வைத்துப் பாடினால் மத்தியமாவதி வரும் என்பது கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு அரிச்சுவடி. கோலத்தில் கிரகபேதம் என்றால், வடிவத்தைத் தொடாமல் ‘ச’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் வேறு புள்ளிக்கு மாற்றுவது. ஆனால் மத்தியமாவதியை அதன் சொந்தத் தம்புராவோடு பாடினால் ச, ப, ரி, ம, நி ஐந்தும் ச-வை நடுவாக வைத்து இருபுறமும் இரண்டிரண்டாக ஒரே நேர்கோட்டில் நிற்கும். மேலே சொன்ன மோகனமோ இரண்டு வரிசையில் மடங்கி நிற்கிறது. மடங்கிய வடிவத்தில் பெயர்ப்பலகையை எங்கு மாற்றினாலும் நேர்கோடு வராது. அப்படிப் பிறக்கும் ‘மத்தியமாவதி’யின் பஞ்சமம் 40/27, உரிய இடத்துக்குச் சற்றுக் கீழே. மேடையில் கிரகபேதத்தை இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் இழுக்காமல் மூல ராகத்துக்குத் திரும்பிவிடுகிறார்களே, அதற்கு இலக்கண மரியாதை ஒரு காரணம் என்றால், காதுக்கு இது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

பழந்தமிழ் இசைக்காரர்கள் சுரங்களைத் தளத்தில் வைக்கவில்லை, வட்டத்தில் வைத்தார்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களாக வட்டத்தில் நிற்கிறார்கள். வட்டப்பாலை எனப்படும் இந்த அமைப்பை உரையாசிரியர்கள் பன்னிரண்டு இராசி வீடுகளில் வைத்து விளக்குகிறார்கள். ஏழு சுரத்துக்கும் 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு, கூட்டினால் 22. குரலிலிருந்து அதன் பஞ்சமமான இளிக்கும் இளியிலிருந்து அடுத்த இளிக்கும் தாண்டிக்கொண்டே போனால் பன்னிரண்டு வீட்டையும் தொட்டுப் புறப்பட்ட வீட்டுக்கே வந்துவிடலாம். சுரத்தைப் பெயர்த்துப் பெயர்த்துப் பாலைகளை, அதாவது புதிய சுர அடுக்குகளை, பிறப்பிக்க இதைவிடக் கச்சிதமான வடிவம் கிடையாது. ஆனால் கணக்குப் போட்டால் வட்டம் மூடாது: 240-இல் புறப்பட்டுப் பன்னிரண்டு பஞ்சமம் தாண்டினால் வந்து சேர்வது 243.27. கோலத்தில் அது நடு வரிசையில் பன்னிரண்டு புள்ளி தள்ளி நிற்கும் வேறொரு புள்ளி. ச-வுக்கு மிகப் பக்கத்து ஒலி, ச அல்ல.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் இந்த இடத்தில்தான் கொதித்தார். 1916-இல் பரோடா இசை மாநாட்டுக்குப் போய், 22 சுருதிக் கணக்குத் தப்பு, ஸ்தாயியைச் சமமாக 24 பங்கிட வேண்டும் என்று வாதாடினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘கருணாமிர்த சாகர’த்தில் பக்கம் பக்கமாக எண்களை நிரப்பி அதை நிறுவப் பார்த்தார். சமப் பங்கு போட்டால் வட்டம் மூடும், பாலைகள் தடையின்றிச் சுழலும். வட்டப்பாலை மூட வேண்டும் என்று நம்பியவருக்கு வேறு வழியில்லை. அறிவியல் ஆசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியான ‘யாழ் நூ’லில் விகிதங்களின் பக்கம் நின்று பழைய யாழ்களுக்குக் கணக்குப் போட்டார். இருவரில் யார் சரி என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பண்டிதரின் வட்டம் பெயர்ப்பதற்கு ஏற்றது, அடிகளின் விகிதங்கள் தம்புராவோடு நிற்பதற்கு ஏற்றவை. சுரத்தைப் பெயர்க்கும் வசதியும் கலப்பில்லாத இனிமையும் ஒரே கருவியில் முழுதாகக் கிடைக்காது என்பது கணிதத்தின் தீர்ப்பு. 3-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 2-இன் பெருக்கமாக ஆகாது.

பாடுகிறவர்கள் இந்தப் புள்ளிகளில் உட்கார்ந்திருப்பதும் இல்லை. தோடியின் காந்தாரம் எந்தப் புள்ளி என்று தேடினால் கிடைக்காது. அது புள்ளிகளுக்கு இடையே ஓயாமல் ஆடுகிற அசைவு. ஆகவே 22 என்ற எண்ணைப் புனிதமாக்க வேண்டாம். நடு வரிசையில் 12-உடன் நிறுத்திக்கொண்டு, ஒரே ஒரு 81/80 நகர்வை அனுமதித்ததால் 22 வந்தது. வேறு இடத்தில் நிறுத்தியிருந்தால் வேறு எண் வந்திருக்கும்.

ஆனால் கோலத்தின் இரண்டு திசைகளை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. 3-உம் 5-உம் கம்பியில் தாமாக வருகின்றன; வட்டத் தோலில் தாமாக வராதவற்றைச் சோறும் கல்பொடியும் வைத்து வரவழைத்தார்கள். அடுத்த பகா எண்ணான 7-ஐச் சேர்த்தால் கோலம் தாளில் அடங்காது, தாளுக்கு மேலே எழும் மூன்றாவது திசை வேண்டும். தம்புராவில் அந்த ஏழாம் மேற்சுரம் இருக்கிறது. மிருதங்கத்தில் இல்லை, ராமன் கண்ட அடுக்கு ஐந்தோடு முடிகிறது.